எல்லைக் கற்கள் – 6: அணைக்குப் பிறந்த பூங்கா

சென்ற இதழில் யாலவில் நின்றோம். 1900ஆம் ஆண்டு வேட்டை விலங்குகளுக்கென ஒதுக்கப்பட்ட அந்தக் காட்டுக்கு, போயர் போர்க் கைதியாக இலங்கைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட எங்கல்பிரெக்ட் காவலரான கதையைப் பார்த்தோம். 1937இல் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்ததையும், அதன் பேரில் அடுத்த ஆண்டே யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்கள் ஆனதையும் பார்த்தோம். அவை இரண்டும் வேட்டைக்காரர்கள் சுட்டு மீந்த காடுகள். தாங்கள் அழித்துக்கொண்டிருப்பது தங்களுக்கே மிஞ்சாது என்று கண்ட பிறகு அவர்களே வேலி போடச் சொன்னார்கள்.

இந்த இதழில் வருவது வேறு வகைப் பூங்கா. ஒரு நீர்த்தேக்கத்துக்காக எல்லை போடப்பட்டது. பெயர் கல்லோயா. அதன் கதையை மலையிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நாம் கடற்கரையிலிருந்து, ஒலுவிலிலிருந்து, ஆற்றோடு எதிர்த்து ஏறுவோம். அந்த எல்லைக்கோட்டின் பலனையும் பாரத்தையும் இன்றுவரை அனுபவிப்பவர்கள் இந்தக் கரையோரத்து மக்கள்தான்.

ஆற்றின் வாய்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பாதையில் நிந்தவூரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வயல். களியோடைப் பாலத்தைக் கடந்ததும் ஒலுவில். தென்கிழக்குப் பல்கலைக்கழகம், அதற்கு அப்பால் வெளிச்சவீடு, அதையடுத்துத் துறைமுகத்தின் கல்லணைகள். பல்கலைக்கழகம் 1990களின் நடுவில் வந்தது. துறைமுகத்தின் கட்டுமானம் டென்மார்க் கடனுதவியுடன் 2008இல் தொடங்கி, 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி திறப்புவிழா கண்டது. இரண்டுக்கும் முதல் கனவு, துறைமுக அமைச்சராக இருந்து 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த எம்.எச்.எம். அஷ்ரப்புடையது.

களியோடை என்று இங்கே சொல்லப்படும் நீர், ஊவா மலைகளிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிவரும் ஆற்றின் கடைசித் துண்டு. பழைய தமிழ் ஏடுகளில் அது பட்டிப்பளை ஆறு. அரசாங்க வரைபடத்தில் கல் ஓயா. ஆறு கடலில் விழும் இடத்திலிருந்து அது மறிக்கப்பட்டிருக்கும் இங்கினியாகலைக்கு நேர்கோட்டில் நாற்பது கிலோமீற்றர்கூட இல்லை. அணைக்கு மேலே பூங்கா, கீழே வயல், வயலின் ஓரத்தில் ஊர், ஊருக்கு அப்பால் கடல். இவ்வளவும் ஒரு யானை ஓரிரு இரவில் நடந்து முடிக்கக்கூடிய தூரத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

துப்பாக்கியும் சுருக்குக் கயிறும்

அணை வருமுன் இந்தப் பள்ளத்தாக்கு எப்படி இருந்தது? மேற்கே மலையடிவாரத்தில் நில்கலைப் பக்கம் புல்வெளியும் தனிமரங்களும் கலந்த காடு. அடர்ந்த வனமல்ல. கடுக்காய், தான்றி, நெல்லி என்று திரிபலாவின் மூன்று மரங்களும் அங்கே கூட்டமாக நிற்கும். இன்றும் நிற்கின்றன. அந்தக் காட்டில் வேடர்கள் தேனெடுத்து, வேட்டையாடி, சேனை வெட்டி வாழ்ந்தார்கள். இனவரைவியலாளர் செலிக்மனும் அவர் மனைவியும் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய பெருநூலில் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்த தானிகலை, ஹெனெபெத்தை ஆகிய வேடர் குடியிருப்புகள் இடம்பெறுகின்றன.

கிழக்கே கடற்கரை வெளியில் நெல். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் போடிமாரின் வட்டைகளுக்கு இறக்காமம், அம்பாறை போன்ற குளங்கள் நீர் தந்தன. கவனித்துப் பார்க்க ஆளில்லாமல் கிடந்த குளங்களை 1850களில் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் திருத்தத் தொடங்கினார். கடற்கரைக்கும் மலைக்கும் இடையே தவள மாடுகள் நடந்தன. உப்பும் கருவாடும் ஏறிப் போகும். பாக்கும் தேனும் மெழுகும் இறங்கி வரும். இந்த வியாபாரத்தில் சோனகர் கை ஓங்கியிருந்தது. காட்டின் நடுவே போகும் வழிகளில் ஆளும் யானையும் ஒரே தடத்தை மாறி மாறிப் பயன்படுத்திய காலம் அது.

யானையை உயிரோடு பிடிப்பதும் இந்தக் கரையோர முஸ்லிம்களின் தொழில்களில் ஒன்று. ஏறாவூர், மூதூர்ப் பக்கத்துப் பணிக்கர்மார் இருவர் மூவராகக் காட்டுக்குள் நுழைந்து, தோலில் முறுக்கிய கயிற்றுச் சுருக்கை யானையின் பின்னங்காலில் போட்டு மரத்தில் கட்டிவிடுவார்கள். துப்பாக்கி கிடையாது, குதிரை கிடையாது. காற்றின் திசையும் யானையின் மனமும் தெரிந்திருந்தால் போதும். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட் அவர்களின் துணிச்சலை வியந்து பதிந்திருக்கிறார்.

அதே டெனன்ட்தான் மறுபக்கக் கணக்கையும் தருகிறார். பயிருக்கு நாசம் என்று சொல்லி அரசாங்கம் யானைத் தலைக்கு விலை வைத்திருந்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு மேல் கொல்லப்பட்டன. 1850களின் முற்பாதியில் தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்குப் பணம் கொடுக்கப்பட்டது. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் றொஜர்ஸ் தனியாளாக 1,400 யானைகளுக்கு மேல் சுட்டார் என்பார்கள். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தபோது, சுட்ட பாவம் சும்மா விடாது என்று ஊர் பேசியதில் வியப்பில்லை.

1949: ஆற்றை மறித்தல்

சுதந்திரம் கிடைத்து ஒன்றரை ஆண்டு. புது நாட்டுக்கு அரிசி வேண்டும். ஈர வலயத்தில் நிலமில்லாமல் நெருங்கிக் கிடந்த சனத்துக்கு நிலம் வேண்டும். பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவுக்கு நீர்ப்பாசனமும் குடியேற்றமும் வாழ்நாள் வேலை. பட்டிப்பளையை இங்கினியாகலையில் இரண்டு குன்றுகளுக்கிடையே மறித்து, கீழே ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்ச்சுவது திட்டம். 1949 ஓகஸ்டில் வேலை தொடங்கியது.

அமெரிக்காவில் 1933இல் உருவான டென்னசி பள்ளத்தாக்கு அதிகாரசபை அப்போது உலகமெங்கும் பேசப்பட்ட முன்மாதிரி. ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே சபையின் கையில் ஒப்படைத்து அணை, மின்சாரம், விவசாயம், காடு எல்லாவற்றையும் ஒருசேரத் திட்டமிடுவது அதன் வழி. அந்த அச்சில்தான் 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தால் அமைக்கப்பட்டது. அணையைக் கட்ட மொறிசன் நூட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் வந்தது. புல்டோசரும் ராட்சத டிப்பர்களும் இந்தப் பக்கம் அதற்குமுன் கண்டிராத வேகத்தில் மண்ணை வாரிப் போட்டன. சில ஆண்டுகளுக்குள் அணை எழுந்துவிட்டது. 1952 மார்ச்சில் சேனநாயக்க இறந்தார். நீர்த்தேக்கம் அவர் பெயரைச் சூடிக்கொண்டது.

சேனநாயக்க சமுத்திரம் 95 கோடி கன மீற்றர் கொள்ளும். விரிந்த பரப்பு 78 சதுர கிலோமீற்றர். அதனடியில் மூழ்கியது காடு மட்டுமல்ல. வேடர்களின் மிச்சமிருந்த வேட்டைக்காட்டில் மிகப் பெரிய துண்டும் அதில் போயிற்று. சிலர் இரத்துகலைப் பக்கம் தங்கினார்கள். சிலர் பொல்லெபெத்தைக்கும் குடியேற்றங்களுக்கும் போனார்கள். வில்லும் கோடரியும் கொண்டு காட்டுக்குள் நடமாடிய மக்களுக்கு மண்வெட்டியும் அளந்த நிலமும் கொடுத்தால் முன்னேறிவிடுவார்கள் என்ற நம்பிக்கை அந்தக் காலத்து அதிகாரிகளுக்கு உறுதியாக இருந்தது.

கீழே குடியேற்றக் கிராமங்கள் அடுத்தடுத்து எழுந்தன. மேற்கிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் சிங்களக் குடும்பங்கள் பெருமளவில் வந்திறங்கின. கரையோரத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடது கரை வாய்க்கால் நீரால் இரண்டு போகம் விளையும் வாய்ப்பு வந்தது உண்மை. தங்கள் மேட்டுக்காடும் மேய்ச்சல்தரையும் பிறருக்குப் பங்கிடப்படுகின்றன, மாகாணத்தின் இன விகிதமே மாற்றப்படுகிறது என்ற குமுறல் எழுந்ததும் உண்மை. 1956 ஜூனில் சிங்களம் மட்டும் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்த அதே நாட்களில், தமிழருக்கு எதிரான வன்செயல் கல்லோயாப் பள்ளத்தாக்கிலே கொலைவெறியாயிற்று. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் ஆனது. காட்டுக்குள் கிடந்த அம்பாறை தலைநகர் ஆனது; பழைய கரையோர ஊர்கள் அதன் ஓரமாயின. இந்த அரசியலை வேறு தொடர்கள் விரிவாக எழுதியிருக்கின்றன. நமக்கு இங்கே தேவை ஒரு செய்தி: மனிதரையும் விலங்கையும் எங்கெங்கே வைப்பது என்ற முடிவு ஒரே அலுவலகத்தில், ஒரே வரைபடத்தின் மேல், ஒரே காலத்தில் எடுக்கப்பட்டது.

1954: கோடு எங்கே விழுந்தது

அணை கட்டிய எவருக்கும் முதல் பயம் வண்டல். மேலே மலைச்சரிவில் காட்டை வெட்டிச் சேனை போட்டால் ஒவ்வொரு மாரியிலும் மண் கரைந்து வந்து குளத்தில் படியும். குளம் ஆழம் குறையும். கோடிக்கணக்கில் கொட்டிய காசு சேறாகும். அதனால் நீரேந்து பகுதியில் ஒருவரும் கோடரி வைக்கக் கூடாது. அதைச் சட்டமாக்க மிகவும் கையடக்கமான கருவி, 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். 1954 பெப்ரவரி 12ஆம் திகதி, 25,900 ஹெக்டேயர் காடு கல்லோயா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதே நாளில் மூன்று சரணாலயங்களும் அறிவிக்கப்பட்டன: சேனநாயக்க சமுத்திரம், கல்லோயாப் பள்ளத்தாக்கு வடகிழக்கு, கல்லோயாப் பள்ளத்தாக்கு தென்மேற்கு. நான்கும் சேர்ந்து 630 சதுர கிலோமீற்றருக்குக் கிட்ட வரும்.

பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் சட்டத்தில் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. தேசியப் பூங்கா அரச நிலத்தில் மட்டுமே அமையலாம். அனுமதிச்சீட்டு எடுத்து, பார்ப்பதற்காக மட்டும் உள்ளே போகலாம். சரணாலயத்தில் தனியார் காணியும் இருக்கலாம். மனிதர் வாழலாம், பயிர் செய்யலாம். விலங்கைத் தொடக் கூடாது. இதற்கெல்லாம் மேலே கடும் இயற்கை ஒதுக்ககம். அங்கே ஆராய்ச்சிக்கு அன்றி எவரும் கால் வைக்க முடியாது. கல்லோயாவில் மலைச்சரிவுக்குப் பூங்கா என்ற கனத்த பூட்டும், சுற்றுப்புறத்துக்குச் சரணாலயம் என்ற இலகுவான பூட்டும் போடப்பட்டன. கீழே வயல்வெளிக்குப் பூட்டே இல்லை.

சாவி யாரிடம் இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. வனவிலங்குகளுக்கென்று தனித் திணைக்களம் 1949இலேயே பிறந்துவிட்டது. என்றாலும் முதல் பத்தாண்டு இந்தப் பூங்காவை நிர்வகித்தது கல்லோயா அபிவிருத்திச் சபை. 1960களின் நடுவில்தான் அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் கைக்கு வந்தது. காட்டைக் குளத்தின் ஓர் உறுப்பாகத்தான் சபை எண்ணியது. வாய்க்கால், மதகு, மின்னிலையம் போல அதுவும் திட்டத்தின் ஒரு பாகம்.

இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. அந்தப் பூட்டு இல்லாவிட்டால் நில்கலையின் புல்வெளிக் காடு மிஞ்சியிருக்காது. குளமே பின்னால் ஓர் அதிசயத்தைத் தந்தது. அணை நிரம்பியபோது குன்றுகளின் உச்சிகள் நீருக்கு மேலே தீவுகளாக நின்றன. தீவுகளில் புல். கரையில் யானை. மார்ச் தொடங்கி ஜூலை வரை, நீர் இறங்கி இளம்புல் தலைகாட்டும் மாதங்களில், யானைகள் நீந்தித் தீவுக்குப் போகின்றன. படகிலிருந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவது நீர்மட்டத்தில் ஒரு கறுப்பு வளைவு. அது தும்பிக்கையின் நுனி. அதற்குப் பின்னால் நெற்றியின் மேடு, சில வேளை முதுகின் ஒரு கோடு. மற்ற உடல் முழுவதும் நீருக்குள். குட்டி இருந்தால் தாயின் பக்கத்தை ஒட்டியே வரும். களைத்தால் அதன்மேல் சாய்ந்துகொள்ளும். கரை கிடைத்ததும் ஒவ்வொன்றாக எழும். நனைந்த உடம்பு ஒரு நிமிடம் கன்னங்கரேலென்று மின்னும். பிறகு மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு மேயப் போய்விடும். இலங்கையில் படகுச் சவாரியில் யானை பார்க்கும் பூங்கா என்று கல்லோயாவுக்குப் பெயர் வந்தது இதனால்தான்.

அணை முந்தி, பூங்கா பிந்தி

தமிழ் வாசகர்களுக்கு இது கேட்டறியாத கதையல்ல. முல்லைப் பெரியாற்றில் 1895இல் அணை கட்டி மதுரைப் பக்கத்துக்குத் தண்ணீர் திருப்பினார்கள். தேங்கிய ஏரியைச் சுற்றியிருந்த காட்டை 1934இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் நெல்லிக்கம்பட்டி வேட்டை விலங்குச் சரணாலயமாக்கியது. இன்றைய பெரியார் புலிகள் காப்பகத்தின் தொடக்கம் அது. ஆனால் அங்கே அணைக்கும் சரணாலயத்துக்கும் நடுவே நாற்பது ஆண்டு ஓடியது. கல்லோயாவில் இரண்டும் ஒரே திட்டத்தின் இரண்டு பக்கங்கள்.

இலங்கையில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 1972இல் உடவளவை: நீர்த்தேக்கத்தால் இடம்பெயர்ந்த விலங்குகளுக்குப் புகலிடமாகவும் குளத்தின் நீரேந்து பகுதிக்குக் காப்பாகவும். 1980களில் துரித மகாவலித் திட்டம் பெரும் பரப்பில் காட்டை வயலாக்கியபோது மாதுறு ஓயா, வஸ்கமுவ, வெள்ளச் சமவெளி, சோமாவதி என்று வரிசையாகப் பூங்காக்கள். அபிவிருத்திக்கு நிலம் எடு, ஓரத்தில் விலங்குக்கு ஒரு பங்கு ஒதுக்கு, நடுவே கோடு போடு. மாதுறு ஓயாவில் 1983இல் அந்தக் கோடு தம்பானை வேடர்களின் காட்டை மூடியது. பல குடும்பங்கள் ஹெனானிகலைக்குக் குடிபெயர்க்கப்பட்டன. முப்பது ஆண்டுக்கு முன் தானிகலையில் நடந்தது மறுபடி நடந்தது.

இந்த வழக்கத்தின் அடியில் ஓர் எண்ணம் இருக்கிறது: விலங்குக்குக் காடு, மனிதனுக்கு வயல், இரண்டும் கலக்காது என்பது. காகிதத்தில் அது நேர்த்தியாகத்தான் இருக்கிறது. யானைக்கு அந்தக் காகிதம் தெரியாது. அடர்ந்த முதுகாடு யானைக்கு அவ்வளவு பிடித்த இடமும் அல்ல. அதற்கு வேண்டியது புல், இளங்கொடி, குளம். சேனை விட்டுப்போன தரிசும் குளத்தங்கரையும் அதற்கு விருந்து. பட்டிப்பளையின் கீழ்ப்பாதியில் அவை எல்லாம் இருந்தன. அந்தப் பாதிதான் கரும்பும் நெல்லும் குடியிருப்பும் ஆயிற்று. பூங்காவாக ஒதுக்கப்பட்டது குளத்துக்கு நல்ல நிலம். யானைக்கு நல்ல நிலத்தில் ஒரு பங்குதான் அதற்குள் வந்தது.

பிற்கால ஆய்வுகள் இதை நாடு முழுவதற்கும் காட்டின. இலங்கை நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானைகள் நடமாடுகின்றன. அந்தப் பரப்பில் 70 சதவீதம் மக்களும் வாழும் நிலம். பூங்காவுக்குள் விரட்டி வேலி போட்டால் தீரும் என்ற நம்பிக்கையில் பல்லாண்டுகளாக மின்சார வேலிகள் போடப்பட்டன. அவற்றில் பல திணைக்களங்களின் நிர்வாக எல்லையில் நிற்கின்றன. ஒரு பக்கம் வனஜீவராசிகள் திணைக்களக் காடு, மறுபக்கம் வனத் திணைக்களக் காடு, இரண்டு பக்கத்திலும் யானை. அப்படியான வேலி எவரைக் காக்கும்?

கடற்கரை வரை வந்த யானை

இனி மீண்டும் ஆற்றோடு இறங்குவோம். அம்பாறை நகரின் ஓரத்தில் கொண்டவட்டவான் குளம். அந்தி நேரத்தில் யானை கடப்பதைப் பார்க்கச் சனம் நிற்கும் இடம். இன்னும் கிழக்கே இறக்காமம், தீகவாபி, சம்மாந்துறை வட்டைகள். அப்பால் நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை. பெரும்போக நெல் குடலைப் பருவம் கடந்து பால் பிடிக்கும் நாட்களில் வயற்காரருக்கு உறக்கம் கிடையாது. வாடியில் பரண், டோர்ச் லைட், தட்டுவதற்கு வெறும் டின், திணைக்களம் கொடுத்த நாலைந்து யானைவெடி.

"காக்கா, ஆத்துப் பக்கம் நாணல் முறியிற சத்தம் கேக்குது."

"வெடிய இப்ப கொளுத்தாத தம்பி. இப்ப கொளுத்தினா அது மற்றாக்கள்ற வட்டைக்குள்ளதான் விழும். ஆத்த நோக்கித் திரும்பட்டும், பொறு."

இந்த வட்டைகளில் எந்தப் போகத்திலும் கேட்கக்கூடிய பேச்சு இது. தன் வயலிலிருந்து துரத்தியது அடுத்தவன் வயலுக்கு என்பதும், அடுத்தவன் துரத்தியது தனக்கு என்பதும் பரணில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். தனியன் ஒன்று வெடிக்குப் பழகிவிட்டால் சத்தத்தைக் கணக்கில் எடுக்காது. பல்கலைக்கழகச் சுற்றுமதில்கூட யானைக்குத் தப்பவில்லை. ஆள் சாவும் யானைச் சாவும் ஒன்றையொன்று துரத்துகின்றன. 2019ஆம் ஆண்டு நாடு முழுவதும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டார்கள். யானைகளில் ஒரு பங்கு துப்பாக்கியால், ஒரு பங்கு திருட்டு மின்கம்பியால். இன்னொரு பங்கு பன்றிவெடியால். தீனிக்குள் மறைத்து வைத்த வெடி வாய்க்குள் வெடிக்க, தாடை சிதைந்து, தின்ன முடியாமல் நாட்கணக்கில் நின்று சாகும் குட்டிகள் அதில் அதிகம்.

ஒலுவிலுக்கு இதில் ஒரு தனிப் பெயர் உண்டு. பெருமைப்படத்தக்க பெயரல்ல. அஷ்ரப் நகருக்கு அருகே பள்ளக்காட்டில், அண்டிய ஊர்களின் குப்பை கொட்டப்படும் திறந்த மேடு ஒன்று இருக்கிறது. காட்டோரம். ஒரு காலத்தில் அதைச் சுற்றி மின்சார வேலி இருந்தது. 2014இல் மின்னல் தாக்கி அது பழுதானது, திருத்தப்படவில்லை. யானைகள் உள்ளே வந்தன. அழுகிய மரக்கறி, பழத்தோல், மிஞ்சிய சோறு. எல்லாம் பொலித்தீன் பையில் முடிச்சுப் போட்டபடி. யானைக்கு முடிச்சை அவிழ்க்கப் பொறுமை இல்லை. பையோடு விழுங்கும். 2022 ஜனவரியில் மேலும் இரண்டு யானைகள் இறந்து கிடந்தபோது, எட்டு ஆண்டில் சுமார் இருபது யானைகள் இப்படிப் போய்விட்டதாகக் கணக்குச் சொன்னார்கள். உடற்கூற்றுப் பரிசோதனையில் வயிற்றிலிருந்து வந்தவை சோற்றுப்பொதித் தாள், பொலித்தீன், சமிக்காத பிளாஸ்டிக். இயல்பான தீனி கண்ணில் படவில்லை. குப்பைக்குள் நிற்கும் அந்த யானைக்கூட்டத்தின் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. 2023இல் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு அரசு தடை கொண்டுவந்தபோது யானைகளின் சாவும் காரணமாகச் சொல்லப்பட்டது.

பள்ளக்காட்டு யானை எந்தப் பூங்காவின் கணக்கிலும் இல்லை. சட்டம் அதைக் காக்கிறது. அது நிற்கும் நிலத்தைக் காக்கவில்லை. குப்பை உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பு, யானை வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு, வயல் கமநல சேவை நிலையத்தின் பொறுப்பு. பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரு சபை என்று 1949இல் தொடங்கிய எண்ணம், எழுபது ஆண்டில் இப்படிப் பங்கு பிரிந்து கிடக்கிறது.

ஆற்றின் வாயிலும் அதே கதைதான். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லணை நீட்டியபின், கரையோரமாக நகரும் மணலின் போக்குத் தடைப்பட்டது. ஒரு பக்கம் மணல் குவிந்து துறைமுக வாயை அடைத்தது; தோணிகள் உள்ளே வர முடியாமல் மீனவர் திண்டாடினார்கள். வடபுறம் ஒலுவிலிலும் நிந்தவூர்ப் பக்கத்திலும் கடல் கரையை அரித்துத் தென்னந்தோப்புகளை இழுத்துக்கொண்டது. மணலும் யானையைப் போலத்தான். வழக்கமாகப் போய்வரும் பாதையைப் பார்க்காமல் போட்ட கோட்டுக்கு அது கட்டுப்படவில்லை.

மாற்றிப் போடும் வேலி

எல்லையே வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. 1954இல் போட்ட கோடு சேனநாயக்க சமுத்திரத்தைக் காத்தது, நில்கலைக் காட்டைக் காத்தது. நிந்தவூர் வட்டைக்கு இன்றும் தண்ணீர் வருவதில் அந்தக் காட்டுக்கும் பங்குண்டு. தவறு கோட்டில் இல்லை, ஒரு வேலைக்குப் போட்ட கோட்டிடம் இன்னொரு வேலையை எதிர்பார்த்ததில் இருக்கிறது. குளத்துக்கு வண்டல் வராமல் தடுக்கப் போட்ட எல்லை, யானை வயலுக்கு வராமலும் தடுக்கும் என்று எல்லோரும் நம்பிவிட்டோம்.

2020இன் இறுதியில் நிபுணர் குழு ஒன்று அரசுக்குக் கொடுத்த தேசியச் செயற்றிட்டம் இதைத் தலைகீழாகத் திருப்பியது. யானையை அடைக்க வேண்டாம், ஊரையும் வெள்ளாமையையும் அடையுங்கள் என்றது. குடியிருப்பைச் சுற்றி நிரந்தர மின்சார வேலி. அதைப் பராமரிப்பது ஊர்ச்சங்கம். வயலைச் சுற்றிப் போகத்துக்குப் போகம் வேலி: விதைத்ததும் போடுவது, அறுத்துச் சூடடித்ததும் கழற்றுவது. தாளடி நிற்கும் மாதங்களில் யானை வந்து மேய்ந்துவிட்டுப் போகட்டும். நெல்லும் யானையும் ஒரே நிலத்தை வெவ்வேறு மாதத்தில் ஆளலாம் என்ற கணக்கு இது. பெரும்போகம், சிறுபோகம் என்று காலத்தைப் பங்கிட்டு நீரைப் பகிரத் தெரிந்த வட்டவிதானைமாருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்? அவர்களை அழைத்து உட்கார்த்தி வைத்துக் கேட்கத்தான் ஆளில்லை. இந்த யோசனை வடமேற்கிலும் பிற பகுதிகளிலும் சில கிராமங்களில் நடைமுறைக்கு வந்து பலன் காட்டியிருக்கிறது. பட்டிப்பளை வெளியில் அதைச் செய்ய வேண்டுமானால் முதல் வேலை, பள்ளக்காட்டுக் குப்பையை மூடுவது. தீனி அங்கே கொட்டிக் கிடக்கும்வரை எந்த வேலியும் செல்லுபடியாகாது.

கல்லோயாவில் மனிதர் வரைந்த கோட்டை யானை மதிக்கவில்லை. இதே மாவட்டத்தின் தெற்குக் கோடியில் நிலைமை வேறு. அங்கே ஆண்டுதோறும் ஆடி மாதத்தை ஒட்டி ஒரு பூங்காவின் கதவு சில நாட்களுக்குத் திறக்கிறது. ஆயிரக்கணக்கான பக்தர்கள் உகந்தைமலை முருகனைக் கும்பிட்டு, கும்புக்கன் ஓயாவைக் கடந்து, காட்டுப் பாதையில் கதிர்காமத்துக்கு நடக்கிறார்கள். போர்க்காலத்தில், 1985இலிருந்து 2003 வரை, பார்வையாளருக்கு மூடிக் கிடந்த அந்தக் காட்டின் பறவைக் குளமும், பொத்துவிலிலிருந்து மொனராகலை போகும் பாதையோரத்து லாகுகலை யானைகளும் அடுத்த இதழில்.

(தொடரும்)